சர்வர்களுக்குப் பெயர் வைப்பது எப்படி: அலுவலக அட்மின்களுக்கான முழு வழிகாட்டி

டிபி-நியூ, டிபி-நியூ2, டிபி-நியூ2-ஃபைனல். உங்கள் சர்வர் பட்டியலில் இந்த ஜாதிப் பெயர்கள் இருந்தால், யாரோ ஒருவர் அவசரத்தில் வாயில் வந்ததை வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று அர்த்தம். நாலு சர்வர் இருக்கும்வரை இது பெரிய தொல்லை இல்லை. நாற்பது ஆகும்போது, எது உயிரோடு இருக்கிறது, எதை அணைக்கலாம் என்று சொல்ல ஆள் இருக்காது.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே விதியின் மேல் நிற்கிறது. சர்வரின் பெயரில், அது ஓய்வு பெறும்வரை மாறாத விஷயம் மட்டும் இருக்க வேண்டும். மாறக்கூடியவற்றில் சிலதை டிஎன்எஸ் (பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் அமைப்பு) மாற்றுப் பெயரில் வைக்கலாம், மீதியைப் பதிவேட்டில் எழுதலாம். பெயருக்குள் திணிக்க வேண்டாம்.

ஒரு சின்ன விளக்கம்: எடுத்துக்காட்டுப் பெயர்களை இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். மெஷினில் அவற்றைச் சிறிய ஆங்கில எழுத்துகளில் அடிப்பீர்கள். எழுத்து எண்ணிக்கை சொல்லும் இடங்களிலும் அந்த ஆங்கில எழுத்துகளின் கணக்குதான்.

படி 1: முதலில் கணக்கெடுங்கள்

பெயர் யோசிப்பதற்கு முன்னால் ஒரு விரிதாளைத் திறந்து, இருக்கிற எல்லா சர்வரையும் எழுதுங்கள். தற்போதைய பெயர், ஐபி முகவரி, என்ன வேலை செய்கிறது, எங்கே இருக்கிறது, நிஜ மெஷினா விர்ச்சுவலா (மென்பொருளால் உருவாக்கிய மெஷினா), யார் பொறுப்பு. "என்ன வேலை" என்ற பத்தியை நிரப்பும்போதுதான் விஷயம் புரியும்: அக்கவுண்ட்ஸ் என்று பெயர் வைத்த சர்வரில் பிரிண்ட் சர்வீஸும், யாரோ தற்காலிகமாகப் போட்ட வெப்சைட்டும் சேர்ந்து ஓடிக்கொண்டிருக்கும்.

அடுத்த சில ஆண்டுகளில் எத்தனை சர்வர் வரும், இன்னொரு கிளையோ டேட்டா சென்டரோ வருமா என்பதையும் தோராயமாகக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முடிவுக்கு இந்த எண்ணிக்கைதான் தேவை.

படி 2: தீம் பெயரா, வேலைப் பெயரா?

கம்ப்யூட்டருக்குப் பெயர் வைப்பதற்கென்றே ஓர் ஆவணம் உண்டு. 1990 ஆகஸ்டில், ஆர்எஃப்சி என்ற இணையத் தொழில்நுட்ப ஆவண வரிசையில் வந்த ஆர்எஃப்சி 1178. சொந்தப் பெயரை வைக்காதே, புராஜெக்ட் பெயரை வைக்காதே, நீளமாக வைக்காதே என்றெல்லாம் சொல்லிவிட்டு, ஒரு தீமிலிருந்து பெயர்களை எடு என்று பரிந்துரைக்கிறது. கிரகங்கள், பூக்கள், நிறங்கள் என்று ஏதாவது ஒன்று. தடை செய்தவை இன்றும் அப்படியே பொருந்தும். தீம் விஷயத்தில்தான் எனக்குப் பாதி உடன்பாடு.

தீம் பெயர்களில் நல்லது என்னவென்றால், சர்வரின் வேலை மாறினாலும் பெயர் பொய்யாகாது. மல்லி என்ற சர்வர் இன்றைக்கு டேட்டாபேஸ், நாளைக்கு மெயில் என்றாலும் மல்லிதான். மனதிலும் சட்டென்று நிற்கும்.

ஆனால் மூன்று சிக்கல்கள் உண்டு. முதலாவது, தீம் தீர்ந்துபோகும். கிரகங்கள் எட்டுதான், 2006-ல் புளூட்டோவையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். கடையெழு வள்ளல்கள் என்று ஆரம்பித்தால் எட்டாவது சர்வருக்கு யாரைக் கூப்பிடுவது? இரண்டாவது, காதில் குழப்பம். அதே வள்ளல்களை எடுத்துக்கொள்ளுங்கள்: பாரி, காரி, ஓரி. ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் இருப்பவரிடம் போனில் "காரியை ரீஸ்டார்ட் பண்ணுங்க" என்று சொல்லிப் பாருங்கள். மூன்றாவது, எழுத்துக்கூட்டல். தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் அடிக்கும்போது ழ-வுக்கு ஒருவர் இசட்-ஹெச் போடுவார், இன்னொருவர் எல் போடுவார். நெடிலுக்கு ஒருவர் இரண்டு ஏ, இன்னொருவர் ஒன்று. யாழ், ஔவை போன்ற பெயர்கள் அழகுதான், ஆனால் ஒவ்வொரு முறையும் "எப்படி ஸ்பெல் பண்ணணும்?" என்ற கேள்வி வரும்.

அதோடு, புதிதாகச் சேர்ந்தவருக்கு மல்லி எது, முல்லை எது என்று எந்தத் துப்பும் கிடைக்காது.

என் கணிப்பு இது: பத்துப் பதினைந்து சர்வருக்கு மேல் போகவே போகாத சின்ன அலுவலகம், அட்மின் ஒன்றிரண்டு பேர் என்றால் தீம் தாராளமாகப் போதும். பூக்கள், பறவைகள், மரங்கள் போலப் பெரிய தொகுப்பாக எடுங்கள். அதைத் தாண்டும் என்று தெரிந்தால் ஆரம்பத்திலிருந்தே வேலையைச் சொல்லும் பெயருக்குப் போங்கள். இரண்டையும் கலக்கவும் வழி உண்டு: மெஷினுக்குத் தீம் பெயர், வேலைக்கு மாற்றுப் பெயர். படி 6-ல் அது வரும்.

சரி, கிளவுடில் தானாகப் பெருகிச் சுருங்கும் சர்வர்களுக்கு? அவற்றுக்குக் கையால் பெயர் வைக்க உட்காராதீர்கள். வளர்ப்புப் பிராணிக்குத்தான் பெயர், மந்தைக்கு எண் போதும் என்று இந்தத் துறையில் ஒரு பேச்சு உண்டு. தானாக வரும் பெயரை விட்டுவிட்டு, வேலை, சூழல், பொறுப்பாளர் விவரங்களை டேக் ஆகப் போடுங்கள். குபர்னெட்டிஸ் (ஆப்களைத் தானாக எழுப்பி நிர்வகிக்கும் மென்பொருள்) பெயரின் கடைசியில் தானாக ஒட்டும் அந்தக் குட்டி வாலைப் பார்த்திருப்பீர்கள். அதில் உயிரெழுத்தே வராது, தற்செயலாகக் கெட்ட வார்த்தை அமைந்துவிடக் கூடாது என்பதற்காக. எண்களில் 0, 1, 3 கூடக் கிடையாது.

படி 3: பெயருக்குள் எதை விடலாம், எதை விடக்கூடாது

இங்கேதான் நிதானமாக உட்கார வேண்டும். ஒவ்வொரு விவரத்தையும் எடுத்து, "இந்த சர்வர் உயிரோடு இருக்கும்போது இது மாறுமா?" என்று கேளுங்கள்.

ஆபரேட்டிங் சிஸ்டமும் அதன் பதிப்பும்: மாறும். வின்2012 என்று பெயர் வைத்த சர்வரை 2019-க்கு மேம்படுத்திவிட்டீர்கள், பெயர் மட்டும் பழையபடி. விண்டோஸ் சர்வர் 2012-க்கான நீட்டித்த ஆதரவு 2023 அக்டோபர் 10-ல் முடிந்தது. தணிக்கைக்கு வருபவர் பட்டியலைப் பார்த்தவுடன் முதலில் அந்தப் பெயரில்தான் விரலை வைப்பார்; ஒவ்வொரு ஆண்டும் அதே விளக்கத்தைச் சொல்ல வேண்டியிருக்கும்.

துறைப் பெயர், ஆள் பெயர்: மாறும். துறைகள் இணையும், பிரியும், புதுப் பெயர் சூட்டிக்கொள்ளும். ஆள் வேலையை விட்டுப் போவார்.

புராஜெக்ட் பெயர்: புராஜெக்ட் முடிந்த பிறகும் சர்வர் ஓடும், வேறு வேலைக்கு.

ரேக் எண், மாடி, அறை: மாறும். ஐபி முகவரி: கண்டிப்பாக மாறும். மெஷினைத் தயாரித்த கம்பெனியின் பிராண்ட், மாடல்: வேண்டாம். நிஜ மெஷினா விர்ச்சுவலா என்பது: வேண்டாம், இன்று நிஜமாக இருப்பது நாளைக்கு விர்ச்சுவலாக மாறும்.

முதன்மை, துணை என்ற நிலை: இதை ரொம்பப் பேர் வைக்கிறார்கள், இதுதான் ரொம்ப ஆபத்து. டேட்டாபேஸ் ஜோடியில் ஒன்றுக்கு பிரைமரி, இன்னொன்றுக்கு ஸ்டாண்ட்பை என்று பெயர். ஒருநாள் முதலாவது விழுந்து, ஃபெயில்ஓவர் ஆகி, இரண்டாவது முதன்மை ஆகிவிடுகிறது. இப்போது ஸ்டாண்ட்பை என்ற பெயருள்ள சர்வரில்தான் உங்கள் நேரடித் தரவு இருக்கிறது. "ஸ்டாண்ட்பைதானே" என்று யாராவது பராமரிப்புக்காக அதை அணைத்தால் தீர்ந்தது கதை. 01 என்றால் முதன்மை என்று எழுதாத விதியாக வைத்திருந்தாலும் இதே கதைதான். எண் என்றால் வெறும் எண்ணாக மட்டும் இருக்கட்டும்.

நியூ, ஓல்டு, டெம்ப், ஃபைனல்: இவற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அப்போது என்னதான் மிச்சம்? மூன்று விஷயங்கள் ஓரளவு நிலையானவை. வேலையின் வகை: டேட்டாபேஸ் (டிபி), வெப், ஃபைல் சர்வர். சூழல்: நேரடிப் பயன்பாடா (ப்ராட்), சோதனையா (டெஸ்ட்), டெவலப்மென்ட்டா (டெவ்). அப்புறம் இடம், அதாவது எந்த ஊர் அல்லது எந்த டேட்டா சென்டர். இடக் குறியீட்டுக்கு நீங்களே கண்டுபிடிக்கத் தேவையில்லை. விமான நிலையங்களின் மூன்றெழுத்து ஐஏடிஏ குறியீடு பலருக்கும் தெரிந்தது. ஒரே ஊரில் இரண்டு இடம் இருந்தால் மட்டும் அது கை கொடுக்காது. விர்ச்சுவல் மெஷின்கள் இரண்டு டேட்டா சென்டருக்கும் இடையே தானாக நகரும் அமைப்பு உங்களுடையது என்றால், இடக் குறியீட்டையே விட்டுவிடுங்கள்.

வேலையே மாறினால் என்ன செய்வது? விர்ச்சுவல் மெஷின்கள் மலிந்த காலத்தில் இதற்குப் பதில் எளிது: பழைய சர்வரை வேறு வேலைக்கு மாற்றாதீர்கள், புதிதாக ஒன்றை எழுப்புங்கள். வேலைப் பெயர் முறை இந்தப் பழக்கம் இருந்தால்தான் நிற்கும்.

படி 4: எழுத்து வரம்புகள்

ஹோஸ்ட்நேமில், அதாவது மெஷினின் பெயரில், ஆங்கில எழுத்து, எண், இடைக்கோடு, இவை மட்டும்தான். இடைக்கோடு முதலிலோ கடைசியிலோ வரக்கூடாது. அண்டர்ஸ்கோர் சில இடங்களில் வேலை செய்யும், சில இடங்களில் காலை வாரும், தொடாதீர்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் டிஎன்எஸ்-க்குக் கிடையாது, ஆனால் சில மென்பொருள்கள் பார்க்கும், அதனால் எப்போதும் சின்ன எழுத்து. எண்ணில் பெயர் தொடங்க 1985-ன் ஆர்எஃப்சி 952 அனுமதிக்கவில்லை, 1989-ன் ஆர்எஃப்சி 1123 அனுமதித்தது. அனுமதி இருந்தாலும் எழுத்திலேயே தொடங்குங்கள்.

தமிழ் எழுத்திலேயே பெயர் வைக்க முடியாதா என்றால், டிஎன்எஸ்-ல் முடியும். உள்ளே அது புனிகோடு என்ற நீளமான ஆங்கில எழுத்துக் கோவையாக மாறும். லாக் ஃபைலில் அந்தக் கோவைதான் தெரியும். யாராலும் படிக்க முடியாது.

நீளம்: டிஎன்எஸ்-ல் ஒரு பகுதி 63 எழுத்துவரை, முழுப் பெயர் 253 வரை. லினக்ஸில் 64. ஆனால் நடைமுறை வரம்பு 15, காரணம் விண்டோஸின் நெட்பயாஸ், உள் நெட்வொர்க்கில் மெஷின்களைப் பெயரால் கண்டுபிடிக்கும் பழைய முறை. அதில் பெயருக்கு 16 இடம், 16-வது இடம் சேவையின் வகையைக் குறிக்கப் போய்விடுகிறது. அதைவிட நீளமாக வைத்தால் முதல் 15 எழுத்து மட்டும் எடுத்துக்கொள்ளப்படும். உங்கள் பெயரில் கடைசியில் இருப்பது எது? வரிசை எண். வெட்டுப்படுவது அதுதான். நீளமான பெயருள்ள 01-உம் 02-உம் நெட்பயாஸ் கண்ணுக்கு ஒரே மெஷின். உங்களிடம் விண்டோஸே இல்லை என்றாலும் 15-க்குள் வைத்துக்கொள்வது நல்லது. அதற்கு மேல் போனால் கையால் அடிக்க அலுப்பு.

படி 5: வடிவத்தைக் கட்டுங்கள்

நான் பரிந்துரைக்கும் வடிவம்: இடம்-சூழல்-வேலை-எண். இடத்துக்கு மூன்று எழுத்து, சூழலுக்கு நான்கு, வேலைக்கு மூன்று, எண்ணுக்கு இரண்டு. நடுவில் மூன்று இடைக்கோடு. கூட்டினால் சரியாக 15. ஒரே இடம்தான் என்றால் முதல் பகுதியை எடுத்துவிடுங்கள்: ப்ராட்-வெப்-01, டெஸ்ட்-டிபி-02, டெவ்-ஆப்-01.

சூழலுக்கு ஒரே எழுத்து போதாதா என்று தோன்றும். போதாது. நேரடிக்கு பி, சோதனைக்கு டி, டெவலப்மென்ட்டுக்கு இன்னொரு டி. மூன்றும் போனில் ஒரே மாதிரி ஒலிக்கும். ப்ராட், டெஸ்ட், டெவ் என்று முழுதாக எழுத ஆகும் இரண்டு மூன்று எழுத்துச் செலவு வீண் இல்லை.

இதைவிட முக்கியமான ஒன்று. சிலர் சூழலை டொமைன் பகுதியில் வைப்பார்கள்: டிபி01.ப்ராட் என்று ஒன்று, டிபி01.டெஸ்ட் என்று இன்னொன்று. பார்க்கச் சுத்தமான ஏற்பாடு. இப்போது இரண்டு டெர்மினலைத் திறந்து இரண்டிலும் லாகின் செய்து பாருங்கள். லினக்ஸில் கட்டளை அடிக்கும் பாஷ் ஷெல்லின் வழக்கமான ப்ராம்ப்ட் (கட்டளைக்கு முன்னால் தெரியும் வாசகம்), ஹோஸ்ட்நேமில் முதல் புள்ளிவரைதான் காட்டும். இரண்டு திரையிலும் டிபி01 என்றே இருக்கும். சோதனை டேட்டாபேஸை அழிக்க வேண்டிய கட்டளையை எதில் அடிக்கப் போகிறீர்கள்? என்டர் தட்டுவதற்கு முன் கண் கடைசியாகப் பார்க்கும் இடம் அந்த ப்ராம்ப்ட். அதனால் சூழல் புள்ளிக்கு முன்னாலேயே இருக்க வேண்டும். கூடவே நேரடி சர்வர்களின் ப்ராம்ப்டைச் சிவப்பாக்குங்கள். இரண்டு வரி வேலை.

எண்ணை எப்போதும் இரண்டு இலக்கத்தில் எழுதுங்கள். வெப்1, வெப்2 என்று வைத்தால் அகர வரிசையில் வெப்10 என்பது வெப்1-க்கு அடுத்து வந்து நிற்கும், வெப்2 பின்னால் போகும்.

வேலைக் குறியீடுகளை ஒரு பட்டியலாக எழுதி மூடுங்கள்: டிபி, வெப், ஆப், டிஎன்எஸ், ஃபைல் சர்வருக்கு எஃப்எஸ், பேக்கப்புக்கு பிகேபி, கண்காணிப்புக்கு மான். பத்துப் பன்னிரண்டு போதும். எஸ்க்யூஎல் என்று ஒருவரும் டிபி என்று ஒருவரும் வைக்க ஆரம்பித்தால், பெயரை வைத்துத் தேடும் எல்லா ஸ்கிரிப்டும் பாதியைத்தான் பிடிக்கும்.

கடைசியாக ஒரு சோதனை. தயாரித்த பெயர்களைச் சத்தமாக வாசியுங்கள், சர்வர் பக்கமே வராத ஒருவர் கேட்டு எழுதட்டும். தப்பாக எழுதிய பெயரை மாற்றுங்கள். பூஜ்ஜியமும் ஓ எழுத்தும் பக்கத்தில் வரும் பெயர், ஒன்றும் எல் எழுத்தும் பக்கத்தில் வரும் பெயர் எல்லாம் இதில் மாட்டிக்கொள்ளும்.

படி 6: ஆட்களுக்கும் ஆப்களுக்கும் மாற்றுப் பெயர்

மேலே கட்டியது மெஷினின் பெயர். அதைப் பயன்படுத்த வேண்டியவர்கள் அட்மின்கள் மட்டுமே. மற்ற எவரும், எந்த மென்பொருளும் மாற்றுப் பெயர் வழியாகத்தான் வர வேண்டும்: விக்கி, மெயில், ஃபைல்ஸ், பேரோல்-டிபி. டிஎன்எஸ்-ல் இவற்றை சிநேம் பதிவாகப் போட்டு, அப்போதைக்கு வேலை செய்யும் மெஷினைக் காட்டச் சொல்லுங்கள். நாளை டேட்டாபேஸ் புது மெஷினுக்குப் போனால் ஒரு வரியை மாற்றினால் போதும். இருபது கான்ஃபிக் ஃபைலைத் தேடி அலைய வேண்டாம்.

மாற்றும் நாளுக்கு முன்பே டிடிஎல்-ஐ, அதாவது ஒரு டிஎன்எஸ் பதிலை எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்ற அளவை, குறைத்து வைக்க வேண்டும். 3600 வினாடி இருந்தால், குறைந்தது ஒரு மணி நேரம் முன்பே 300 ஆக்குங்கள். மாற்றும் நொடியில் குறைத்துப் பயனில்லை, பழைய பதில் ஏற்கனவே எல்லார் கேஷிலும் உட்கார்ந்திருக்கும்.

சில முட்கள் உண்டு. மெயில் சர்வரைச் சொல்லும் எம்எக்ஸ், டிஎன்எஸ் சர்வரைச் சொல்லும் என்எஸ் பதிவுகள் சிநேமைக் காட்டக்கூடாது. டொமைனின் உச்சியிலேயே, அதாவது முன்னால் எதுவும் சேர்க்காத வெறும் டொமைன் பெயரில், சிநேம் வைக்க முடியாது. ஹெச்டிடிபிஎஸ் சான்றிதழில் மாற்றுப் பெயரும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிரவுசர் கத்தும். ரிவர்ஸ் டிஎன்எஸ் (ஐபி முகவரியிலிருந்து பெயரைச் சொல்வது) மட்டும் மெஷினின் உண்மைப் பெயரையே காட்டட்டும். விண்டோஸ் ஃபைல் ஷேரை மாற்றுப் பெயரில் திறந்தால், அந்தப் பெயர் யாருடையது என்று விண்டோஸின் லாகினைச் சரிபார்க்கும் கெர்பரோஸுக்குத் தெரியாது. அதற்கான எஸ்பிஎன்-ஐ (சேவையின் அடையாளப் பெயரை) அந்த சர்வரின் கணக்கில் பதிவு செய்ய வேண்டும். "மாற்றுப் பெயர் எல்லாம் எங்க ஆபீஸ்ல வேலை செய்யாது" என்று சொல்பவர்களில் பலர் இந்த இடத்தில்தான் நின்றுபோயிருப்பார்கள்.

படி 7: புள்ளிக்குப் பின்னால் என்ன?

உள் நெட்வொர்க்குக்கு .லோக்கல் என்று முடியும் டொமைன் வைக்காதீர்கள். 2013-ல் வந்த ஆர்எஃப்சி 6762 அதை மல்டிகாஸ்ட் டிஎன்எஸ்-க்கு ஒதுக்கிவிட்டது. மேக் போன்ற கருவிகள் அந்தப் பெயரை உங்கள் டிஎன்எஸ் சர்வரிடம் கேட்காமல் பக்கத்து மெஷின்களிடம் கேட்கும். உங்களுக்குச் சொந்தமில்லாத எதையும் கற்பனையாக வைக்கவும் வேண்டாம். .டெவ் என்று உள்ளே சோதனைக்கு வைத்திருந்தவர்கள் 2017 கடைசியில் திண்டாடினார்கள்: அது கூகுளுக்குச் சொந்தமான உண்மையான டொமைன், அதில் முடியும் எல்லாவற்றையும் குரோம் கட்டாய ஹெச்டிடிபிஎஸ்-க்கு மாற்றிவிட்டது.

நல்ல வழி, உங்கள் நிறுவனம் காசு கொடுத்து வைத்திருக்கும் டொமைனுக்குக் கீழே ஒரு துணை டொமைன். அது முடியாவிட்டால் .இன்டர்னல். தனிப்பட்ட நெட்வொர்க்குகளுக்கென்று 2024 ஜூலையில், இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் அதை ஒதுக்கியிருக்கிறது. ஆனால் .இன்டர்னல் பெயருக்குப் பொதுச் சான்றிதழ் நிறுவனங்கள் சான்றிதழ் தராது. சொந்தச் சான்றிதழ் அமைப்பு வேண்டும்.

படி 8: வெளியே தெரியும் பெயர்கள்

டேட்டாபேஸ் என்று பெயரிலேயே போட்டால் ஹேக்கருக்கு வழி காட்டியது போல் ஆகாதா? உள்ளே நுழைந்துவிட்டவர் போர்ட்டைத் தட்டிப் பார்த்தே தெரிந்துகொள்வார். 5432 திறந்திருந்தால் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் என்று ஊகிக்கப் பெயர் தேவையில்லை. உள் நெட்வொர்க்கில் அந்த பயத்துக்காக உங்கள் ஆட்களைக் குழப்ப வேண்டாம்.

வெளியே கதை வேறு. பொதுச் சான்றிதழ் வாங்கும் ஒவ்வொரு பெயரும் சான்றிதழ் வெளிப்படைத்தன்மைப் பதிவுகளில் ஏறுகிறது, யார் வேண்டுமானாலும் தேடலாம். 2018 ஏப்ரல் 30-க்குப் பிறகு வழங்கப்பட்ட சான்றிதழ்களுக்கு குரோம் இதைக் கட்டாயமாக்கியது. அறிவிக்காத தயாரிப்பின் பெயரையோ, வாடிக்கையாளர் பெயரையோ வைத்து ஒரு சோதனை சர்வருக்குச் சான்றிதழ் வாங்கினால், அதை ஊருக்கே சொன்ன மாதிரி.

படி 9: பழைய சர்வர்களை என்ன செய்வது?

அவற்றின் பெயரை மாற்றாதீர்கள். ஹோஸ்ட்நேமை மாற்றுவது ஒரு கட்டளைதான், ஆனால் அதன் வால் நீளம். சான்றிதழ், பேக்கப் வேலைகள், கண்காணிப்பு, ஹோஸ்ட்நேமோடு பூட்டப்பட்ட லைசென்ஸ் எல்லாவற்றையும் தொட வேண்டும். ஆப்களுக்கு இடையே செய்திகளைக் கைமாற்றும் ராபிட்எம்க்யூ தன் தரவு ஃபோல்டருக்கே ஹோஸ்ட்நேமை வைக்கிறது. பெயர் மாறினால் காலியான புது நோடாக எழுந்து நிற்கும். மைக்ரோசாஃப்டின் மெயில் மென்பொருளான எக்ஸ்சேஞ்ச் நிறுவிய சர்வரின் பெயரை மாற்றவே கூடாது.

ஒரு தேதி குறியுங்கள். அதற்குப் பிறகு வரும் சர்வர் எல்லாம் புது முறையில். பழையவற்றுக்கு வேலையைச் சொல்லும் மாற்றுப் பெயர் மட்டும் சேர்த்து, மென்பொருள்களை அதற்குத் திருப்புங்கள். பழைய மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்வு பெறும்போது பழைய பெயர்களும் போய்விடும்.

படி 10: பதிவேடு, லேபிள், ஓய்வு

பெயரில் விடாத எல்லாமும் பதிவேட்டுக்கு: சீரியல் எண், ரேக், ஆபரேட்டிங் சிஸ்டம், பொறுப்பாளர், தொடங்கிய தேதி. விரிதாளே போதும், பெருகினால் நெட்பாக்ஸ் போன்ற இலவச மென்பொருள் இருக்கிறது. முறையின் விதிகளையும் குறியீட்டுப் பட்டியலையும் ஒரே பக்கத்தில் எழுதி அதன் தலையில் வையுங்கள். புதுப் பெயர் தருவது ஒருவரின் பொறுப்பாக இருக்கட்டும். பதிவேட்டில் ஏறாத சர்வருக்கு டிஎன்எஸ் பதிவு கிடையாது என்று சொல்லிவிட்டால் பிறகு யாரும் மறக்க மாட்டார்கள்.

நிஜ மெஷினாக இருந்தால் முன்னாலும் பின்னாலும் லேபிள் ஒட்டுங்கள். கேபிளைப் பிடுங்குபவர் ரேக்கின் பின்னால்தான் நிற்பார், அங்கிருந்து எல்லாப் பெட்டியும் ஒன்று போலவே இருக்கும். மெஷினைத் தூரத்திலிருந்து இயக்க உதவும் ஐலோ, ஐடிராக் போன்ற நிர்வாக இணைப்புக்கு மெஷின் பெயரோடு ஒரு வால் சேர்த்து டிஎன்எஸ் பதிவு போடுங்கள். அது நெட்பயாஸ் பக்கம் போகாது என்பதால் 15 எழுத்து வரம்பு இல்லை.

சர்வர் ஓய்வு பெற்றால் அதன் எண்ணும் ஓய்வு பெறட்டும். ப்ராட்-டிபி-03 போனால் அடுத்தது 04. பழைய எண்ணைத் திரும்பக் கொடுத்தால் கண்காணிப்பு வரைபடத்தில் இரண்டு மெஷின்களின் வரலாறு ஒன்றாகக் கலக்கும். தூரத்திலிருந்து லாகின் செய்ய உதவும் எஸ்எஸ்ஹெச், ஹோஸ்ட் கீ (மெஷினின் அடையாளச் சாவி) மாறிவிட்டது என்று எல்லாரையும் எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையைப் பார்க்காமலே தள்ளிவிடும் பழக்கமும் அப்படித்தான் வருகிறது.

மெஷினை அணைத்த அன்றே டிஎன்எஸ் பதிவு, ரிவர்ஸ் பதிவு, அதைக் காட்டிக்கொண்டிருந்த மாற்றுப் பெயர்கள், ஆக்டிவ் டைரக்டரி கணக்கு, பேக்கப் வேலை எல்லாவற்றையும் நீக்குங்கள். டிஎன்எஸ் பதிவை மட்டும் மறந்துவிட்டால், சில மாதம் கழித்து அந்த ஐபி வேறொரு சர்வருக்குப் போகும். பழைய பெயரை நம்பி ஓடும் ஏதோ ஒரு ஸ்கிரிப்ட், எந்தப் பிழையும் காட்டாமல், அந்தப் புது மெஷினில் போய்த் தன் வேலையைச் செய்துவிட்டு வரும். பதிவேட்டில் அந்த வரியை மட்டும் நீக்காமல், ஓய்வு பெற்ற தேதியைப் போட்டு வையுங்கள். அடுத்த எண் எது என்று பார்க்க அது தேவைப்படும்.